சூடு எங்கே போகிறது

2024ஆம் ஆண்டு மே மாதம், கத்திரி தொடங்கிய வாரம். திருச்சியில் வெயில் நாற்பது டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் ஒரு புத்தகத்தோடு சாய்ந்திருந்தேன். சுவர் அலமாரிக்குள்ளிருந்து மாவு மில் ஓடுவது போன்ற இரைச்சல் எழுந்து வந்தது. என் மகனுடைய கணினி. அவன் காதில் ஹெட்போன் மாட்டியிருந்ததால் அந்த இரைச்சல் எனக்கும் என் அம்மாவுக்கும் மட்டுமே உரியதாக இருந்தது. திரையில் ஒரு கார்ப் பந்தயம். கார்கள் திக்கித் திக்கி நகர்ந்தன. பிறகு திரை கறுத்துவிட்டது.

"ஹீட் ஆயிடுச்சுப்பா" என்றான்.

"வெளையாடறத நிறுத்து. தானா ஆறிடும்" என்றேன்.

நான் சொன்னது இயற்பியல்படி சரியானது என்பதைப் பின்னர் அறிந்துகொண்டேன். அப்பாக்கள் சொல்வதில் பெரும்பகுதி அப்படித்தான். சரியாக இருக்கும், ஒன்றுக்கும் உதவாது. அவன் பதில் சொல்லவில்லை. எழுந்துபோய் அலமாரியின் கண்ணாடிக் கதவைத் திறந்தான். உள்ளிருந்து வந்த அனல் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த என் முகத்தில் அடித்தது.

அந்த அலமாரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்லூரியில் சேர்ந்ததும் அவன் சேமிப்பையும் என்னிடம் வாங்கிய தொகையையும் சேர்த்துத் தானே பாகங்களை வாங்கி அந்தக் கணினியைக் கட்டினான். மாடியிலுள்ள தன் அறையில் வைத்துக்கொள்கிறேன் என்றான். கண்ணெதிரே இருக்கட்டும் என்று கூடத்துச் சுவர் அலமாரியில் வைக்கச் சொன்னது நான். தூசி படியாமலிருக்கக் கண்ணாடிக் கதவு போட ஏற்பாடு செய்ததும் நான்தான். "காத்து வேணும்பா" என்று அவன் அன்றைக்கே சொன்னான். மாடிக்குக் கொண்டுபோவதற்கான சாக்கு என்று எடுத்துக்கொண்டேன். முப்பது வயதில் பிறர் சொல்லில் குறிப்புப் பொருள் தேடக் கற்றுக்கொண்டவன், நாற்பது தாண்டியபின் நேர்ப்பொருளைக் கேட்க மறந்திருந்தேன்.

மறுநாள் அவனே எனக்கு விளக்கினான். கிராஃபிக்ஸ் கார்டு என்று அவன் சொல்வதை இங்கே வரைகலை அட்டை என்று எழுதுகிறேன், தொழில் பழக்கம். விளையாட்டின் ஒவ்வொரு காட்சியையும் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு, நொடிக்கு அறுபது முறையோ நூறு முறையோ திரையில் வரைந்து தருவது அந்த அட்டை. அவனிடம் இருப்பது 2021இல் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 3060. முழு வேகத்தில் அது 170 வாட் மின்சாரம் உண்கிறது. உண்ட மின்சாரத்தில் ஏதோ ஒரு பகுதி படமாக மாறி, மிச்சம் வெப்பமாகிறது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அப்படி இல்லை. உள்ளே போகும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதுமே கடைசியில் வெப்பமாகிறது. படம் என்பது அந்த மின்சாரம் போகிற வழியில் நமக்குக் காட்டிவிட்டுப் போகும் ஒன்று, அவ்வளவுதான்.

இந்தப் பசி காலத்தோடு வளர்ந்து வந்திருக்கிறது. 1999இல் என்விடியா நிறுவனம் ஜீஃபோர்ஸ் 256 என்ற அட்டையை வெளியிட்டு அதை உலகின் முதல் ஜிபியு என்று அறிவித்தபோது, அதன் மேல் ஒரு சிறிய விசிறி போதுமானதாக இருந்தது. 2003இல் வந்த ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா எழுப்பிய சத்தத்தைத் தூசி உறிஞ்சும் இயந்திரத்தோடு ஒப்பிட்டுச் சிரித்தார்கள். அந்த நிறுவனத்தாரே தங்களைக் கேலி செய்துகொண்டு ஒரு படம் எடுக்கும் அளவுக்கு அது பேசப்பட்டது. 2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090க்கு 450 வாட். 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5090க்கு 575 வாட். என் மகனுடைய அட்டை இந்தக் குடும்பத்தில் அளவாகச் சாப்பிடும் பிள்ளை.

அட்டைக்குத் தன் சூடு தெரியும். உள்ளே உணரி இருக்கிறது. இந்த அட்டை தாங்கும் உச்சம் 93 டிகிரி என்று தயாரித்தவர்கள் குறித்திருக்கிறார்கள். அங்கே போய்ச் சேரும்வரை அது காத்திருப்பதில்லை. சூடு ஏற ஏறத் தன் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்கிறது. வேகம் குறைந்தால் வெப்பம் குறையும். திரையில் கார்கள் திக்கியது அதனால்தான். தன்னைக் காத்துக்கொள்வதற்காகத் தன்னைக் குறைத்துக்கொள்வது. அதையும் மீறினால் நின்றுவிடுவது. மகன் ஒரு வரைபடத்தைக் காட்டினான்: ஒரு கோடு ஏறுகிறது, இன்னொரு கோடு இறங்குகிறது. அலமாரிக் கதவை மூடியிருந்தபோது 88 டிகிரி.

எனக்கு வெட்கமாக இருந்தது. சாக்கு என்று நான் நினைத்தது ஓர் அளவையாக இருந்திருக்கிறது. அன்றே கணினியை அலமாரியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தோம். அதே விளையாட்டில் 80 டிகிரி. ஒரு கதவைத் திறந்ததற்கு எட்டு டிகிரி. பழைய டைரி ஒன்றின் பின்பக்கத்தில் இந்த எண்களைக் குறித்துவைக்கத் தொடங்கினேன். அவனோடு பேச எனக்கு ஒரு பொருள் கிடைத்துவிட்டது. கடந்த இரண்டு ஆண்டுகளில் எங்களுக்குள் சாப்பிட்டாயா, வண்டிக்குப் பெட்ரோல் போட்டாயா என்பதைத் தாண்டிய பேச்சு அரிதாகியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அட்டையைக் கழற்றினோம். அவன் கழற்றினான், நான் டார்ச் பிடித்தேன். திருகுகளை ஒரு சம்படத்தின் மூடியில் போட்டு வைத்தான். விசிறிகளுக்கிடையே தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. காற்றடித்துத் தூசியை விரட்டும்போது விசிறியின் இதழ் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். கட்டுப்பாடின்றிச் சுழன்றால் அதன் அச்சு கெடும். விரலால் பிடிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது.

விசிறிகளை அகற்றியதும் அலுமினியத் தகடுகள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றை ஊடுருவிச் செல்லும் செப்புக் குழாய்கள். கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "அது என்னய்யா குழாயி, தண்ணி போவுமா?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். மகன் சிரிக்கவில்லை. "ஆமா அப்பாயி, உள்ள கொஞ்சூண்டு தண்ணி இருக்கு" என்றான்.

உண்மைதான். அந்தக் குழாய்களுக்குள் காற்றை அகற்றிவிட்டுச் சிறிதளவு நீரை அடைத்திருக்கிறார்கள். அழுத்தம் குறைவாக இருப்பதால் நீர் நூறு டிகிரிக்கு வெகு கீழேயே ஆவியாகிவிடும். சில்லின் பக்கமுள்ள முனையில் நீர் சூட்டை வாங்கி ஆவியாகிறது. ஆவி மறுமுனைக்கு ஓடுகிறது. அங்கே தகடுகளிடம் சூட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி நீராகிறது. குழாயின் உட்சுவரில் இருக்கும் நுண்துளைப் படலம், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் அந்த நீரைப் பழைய இடத்துக்கே இழுத்துவருகிறது. 1940களிலேயே இந்தக் கருத்துக்கு ஒரு காப்புரிமை இருந்தது. 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் என்பவர் அதைத் தனியே கண்டறிந்து செய்துகாட்டிய பிறகுதான் அது பரவியது.

மகன் இதைத் தன் மொழியில் சொல்லி முடித்ததும் அம்மா, "நம்ம பானதான்" என்றாள். "பானையில தண்ணி வேத்து வெளிய போயிரும். இதுல திரும்பி வந்துருது."

இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் விளக்கிப் பிழைப்பவன் நான். அதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்லியிருக்க முடியாது. மண்பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. போன நீர் போனதுதான். மறுநாள் காலை நாம் ஊற்ற வேண்டும். குழாயில் அடைபட்ட நீருக்குப் போக்கும் வரவும் ஒரே வேலையாகிவிட்டது.

சில்லுக்கும் செம்புக்கும் நடுவே பூசியிருந்த பசை காய்ந்து மண்போல உதிர்ந்தது. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் இரண்டு பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்தாலும் இடையே நுண்ணிய காற்று இடைவெளிகள் இருந்துவிடுகின்றன. காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. செம்பு கடத்துவதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைக்கூடக் காற்று கடத்துவதில்லை. அந்த இடைவெளிகளை நிரப்புவதற்குத்தான் பசை. பழையதைத் துடைத்தெடுத்துவிட்டுப் புதியதை மெல்லிய படலமாகச் சில்லு முழுவதும் பரவும்படி பூசினான். திருகுகளை ஒன்றைவிட்டு எதிர்மூலையில் ஒன்றாகச் சிறிது சிறிதாக முறுக்கினான். ஒரே பக்கமாக முறுக்கினால் சில்லின் விளிம்பு உடைந்துவிடும் என்றான். அவன் விரல்களில் அத்தனை பொறுமை இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

பெட்டிக்குள் காற்று வரும் வழியையும் ஒழுங்கு செய்தோம். முன்பக்கம் இரண்டு விசிறிகள் காற்றை உள்ளே இழுக்க, பின்பக்கமும் மேற்பக்கமும் உள்ளவை வெளியே தள்ள வேண்டும். லால்குடிப் பக்கத்துக் கிராமத்தில் நான் பிறந்த வீட்டில் வாசற்கதவும் கொல்லைக்கதவும் ஒரே நேர்க்கோட்டில் இருந்தன. நடுவே முற்றம். வாசலில் நுழைந்த காற்று கூடத்தைத் தொட்டுக்கொண்டு கொல்லைக்குப் போகும். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலே போகும். அந்த வீட்டை இடித்து எவ்வளவோ காலமாகிறது. அதே அமைப்பை ஓர் இரும்புப் பெட்டிக்குள் பார்த்தபோது நெஞ்சில் சற்றுக் கனம் ஏறியது.

அன்று மாலை விளையாட்டை ஓடவிட்டோம். அரை மணி நேரம் கழித்தும் 73 டிகிரி. கார்கள் வழுக்கிக்கொண்டு ஓடின. விசிறிச் சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. "சூப்பர்ப்பா" என்று என் தோளில் தட்டினான். டைரியில் 73 என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

இந்தக் கட்டுரை அந்த அடிக்கோட்டோடு முடிந்திருக்கலாம். நான் எழுத உட்கார்ந்தது அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான்.

நான்கைந்து நாட்களுக்குப் பின் ஓர் இரவு தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கினேன். மணி ஒன்று இருக்கும். கூடத்தில் மகன் விளையாடிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் இருந்த அம்மாவின் கட்டில் காலியாக இருந்தது. முழங்கால் வலி காரணமாக அம்மா கூடத்தில்தான் படுப்பாள். வாசற்கதவு ஒருக்களித்திருந்தது. வெளியே படியில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் மெல்ல விசிறிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, தூக்கம் வரலயா?"

"உள்ள புழுக்கமா இருக்கு. கொஞ்சம் காத்தாட உக்காந்தேன்."

"தினமுமா?"

அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. "தம்பிய ஒண்ணும் சொல்லிறாத. இப்பதான் நீயும் அவனும் நாலு வார்த்த பேசிக்கிறீங்க" என்றாள்.

உள்ளே வந்து கூடத்தின் நடுவில் நின்றேன். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியும் காற்று வெதுவெதுப்பாக இருந்தது. அந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. அட்டை, செயலி, திரை எல்லாமாகச் சேர்ந்து அந்தக் கணினி 300 வாட் அளவுக்கு வாங்குகிறது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறார். ஆக, சன்னல் சாத்திய அந்தக் கூடத்தில், அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், இரவு முழுவதும் கூடுதலாக மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அட்டையின் சூடு 88இலிருந்து 73க்கு இறங்கியதென்று நாங்கள் கொண்டாடினோமே, அந்த வெப்பம் எங்கும் அழிந்துபோகவில்லை. சில்லிலிருந்து நீருக்கு, நீரிலிருந்து தகட்டுக்கு, தகட்டிலிருந்து காற்றுக்கு, காற்றிலிருந்து அம்மாவுக்கு என்று வழியைச் செம்மையாக்கிக் கொடுத்திருக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. முன்பு சூடு தாங்காமல் அட்டை தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. ஆகவே மின்சாரமும் குறைவாகவே வாங்கியது. எங்கள் பராமரிப்புக்குப் பின் தடையின்றி முழு வேகத்தில் ஓடியது. முழுமையாக வாங்கி முழுமையாகக் கக்கியது. அதாவது, நாங்கள் அட்டையைக் குளிர்வித்ததால் கூடம் முன்னைவிடச் சூடாகியிருந்தது.

அம்மாவுக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. சுற்றியுள்ள காற்று தோலின் சூட்டை நெருங்கும்போது உடலுக்கு வியர்வை ஒன்றே வழி; அதே பானையின் வழி. முதுமையில் வியர்ப்பதும் குறையும், தாகம் தெரிவதும் குறையும். கத்திரி தொடங்கியதிலிருந்து அம்மா பேச்சைக் குறைத்திருந்தாள், நடையைக் குறைத்திருந்தாள், ஒருவேளைச் சோற்றைக் குறைத்திருந்தாள். வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன். அட்டை வேகத்தைக் குறைத்துக்கொண்டபோது வரைபடம் போட்டுக் காரணம் தேடிய வீட்டில், இதற்கு ஒருவரும் வரைபடம் போடவில்லை. டைரியைப் புரட்டிப் பார்த்தேன். அட்டையின் சூடு பதினோரு இடங்களில் குறிக்கப்பட்டிருந்தது. கூடத்தின் சூடு ஓரிடத்திலும் இல்லை.

அந்த நேரத்தில் மகனைக் கோபித்துக்கொள்வது எளிது. வாய்வரை வந்ததும் உண்மை. யோசித்துப் பார்த்தால் அந்தக் கோபம் எனக்கு என்மேல் வரவேண்டியது. அதை அவன் தலையில் இறக்கிவைத்தால் எனக்கு ஆறியிருக்கும், அவனுக்குக் கொதித்திருக்கும். வாசலைக் காட்டி, "அப்பாயி வெளிய உக்காந்திருக்கு. உள்ள சூடு தாங்கலயாம்" என்று மட்டும் சொன்னேன். ஹெட்போனைக் கழற்றிவிட்டு வாசற்பக்கம் பார்த்தான். பிறகு கணினியை அணைத்துவிட்டுப் படியில் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் கல்லூரியிலிருந்து வந்து பார்த்தபோது ஏதோ மென்பொருளில் ஒரு வளைகோட்டைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தான். அட்டைக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைக் குறைக்கிறானாம். தொழிற்சாலையில் உருவாகும் சில்லுகள் எல்லாம் ஒரே திறமுடையவை அல்ல. அவற்றில் பலவீனமானதும் தடுமாறாமல் ஓட வேண்டும் என்பதற்காக எல்லாவற்றுக்கும் சற்றுத் தாராளமாகவே மின்னழுத்தத்தை வைத்து அனுப்புகிறார்கள். பெரும்பாலான அட்டைகள் அதைவிடக் குறைவிலேயே அதே வேகத்தில் ஓடும். சில்லு இயங்குவதற்கான மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே மின்னழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால், செலவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதோடு, நொடிக்கு நூற்றுக்கும் மேல் வரைந்துகொண்டிருந்த காட்சிகளை அறுபதுக்கு மேல் போகாதபடி நிறுத்தினான்.

"வித்தியாசம் தெரியாதா?" என்றேன்.

"தெரியும்" என்றான். "அறுபது போதும்பா."

170 வாட் வாங்கிய அட்டை 110 வாட் அளவில் நின்றது. சூடு 64 டிகிரி. புதிய விசிறி இல்லை, புதிய பசை இல்லை. செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் செய்வதெல்லாம் சூட்டை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துச் செல்வது மட்டுமே. சூட்டைக் குறைப்பது என்றால் குறைவாக எரிவது. அதற்கு வேறு பொருள் இல்லை என்பதை ஓர் இளைஞன் ஒரு வளைகோட்டைக் கீழே இழுப்பதைப் பார்த்து நான் கற்றுக்கொண்டேன்.

பிறகு மேசையைக் கொல்லைப்பக்கச் சன்னலோரம் நகர்த்தினோம். பெட்டியின் முதுகு சன்னலைப் பார்த்திருக்கும்படி வைத்து, பொழுது சாய்ந்ததும் அந்தச் சன்னலையும் எதிரிலிருக்கும் வாசற்கதவையும் திறந்துவைக்கும் வழக்கம் வந்தது. அம்மாதான் அந்த நேரத்தை நினைவூட்டுவாள். கொசுவலைச் சட்டம் அடிக்க ஒரு தச்சரை அழைத்தேன். அலமாரிக் கண்ணாடிக் கதவுகளை அவரிடமே கொடுத்துவிட்டேன். அலமாரியில் இப்போது என் புத்தகங்கள் இருக்கின்றன; அவற்றுக்கு மூச்சு முட்டாது.

அந்த வாரமே மகன் ஒரு சிறிய வெப்பமானி வாங்கிவந்தான். அதைக் கணினிமேல் வைப்பான் என்று எண்ணினேன். அம்மாவின் கட்டிலையொட்டிய சுவரில், அவள் தலைமாட்டு உயரத்தில் ஆணியடித்து மாட்டினான். அம்மாவுக்கு அந்த எண்களைப் படிக்கக் கண் தெரியாது. "இது எதுக்குத் தம்பி?" என்று கேட்டாள். "எனக்கு அப்பாயி" என்றான்.

இன்றும் இரவில் கணினியைப் போடுமுன் அவன் அந்தச் சுவரை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறான். சில நாட்கள் பார்த்துவிட்டு, போடாமலே மாடிக்குப் போய்விடுகிறான். என் டைரியில் 73க்குக் கீழே போட்ட அடிக்கோடு அப்படியே இருக்கிறது. அதன் பிறகு நான் அதில் எதையும் எழுதவில்லை.